குதிருக்குள் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கி, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவருகிறோம். சென்ற மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா என்ற நெல் விவசாய மக்களைப் பற்றி நான்கு பக்கச் சிறுநூல் ஒன்று கைக்கு வந்தது. அன்றாட வாழ்க்கை, நம்பிக்கை, தேவைகள் என்று மூன்று தலைப்புகள். தேவைகளில் மட்டும் ஒன்பது இருக்கின்றன: குடிநீர், பள்ளி, மருந்து, நல்ல விதை, நவீனக் கருவிகள், சாலை, சந்தை வசதி என்று போகிறது. எங்களால் ஒன்றைத்தான் எடுத்துச் செய்ய முடியும். நீங்கள் செனகலில் இரண்டு பருவம் இருந்ததாக எப்போதோ எழுதியிருந்தீர்கள். எதை முதலில் எடுக்கலாம்?

கூடவே மூன்று சந்தேகங்கள். அவர்களுடைய மதத்தை எந்த வகையில் சேர்ப்பது? ஆப்பிரிக்க மொழிகளுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா? அங்கே நீண்ட காலமாகச் சண்டை நடப்பதாகப் படித்தேன், இப்போது போய்வர முடியுமா? சிறுநூலின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

கடிதத்துக்கு உடனே பதில் எழுதும் நல்ல பழக்கம் என்னிடம் கிடையாது. உங்களுக்கு எழுதக் காரணம் வேறு. சென்ற வாரம் எங்கள் ஊரில் பாட்டியின் வீட்டை இடித்தார்கள். பங்காளிகள் விற்றுவிட்டார்கள், வாங்கியவர் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். பண்ருட்டிக்குக் கிழக்கே ஓர் ஊர். நடுக்கூடத்து மூலையில் ஆளுயரத்துக்கு மேல், நெல் கொட்டிவைக்கும் ஒரு மண்குதிர் இருந்தது. உறை உறையாக அடுக்கிச் சாணம் பூசி மெழுகியது, அடியில் கைநுழையும் அளவுக்கு ஒரு வாய், அதை அடைக்க ஒரு துணிப்பந்து. கடப்பாரைக்கு இரண்டே இடியில் சரிந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, நெல் அளக்கும் ஒரு பழைய சேர் மட்டும் கிடந்தது. அந்தப் புழுதி தலையிலிருந்து இறங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்தது, "தேவைகள்" என்ற தலைப்போடு.

முதலில் உங்கள் மூன்று சந்தேகங்களையும் ஒதுக்கிவிடுகிறேன். மதத்தை எந்த வகையில் சேர்ப்பது என்றால், எதிலும் சேர்க்க வேண்டாம். அவர்கள் ஊர் செனகலின் தென்பகுதியான கசமான்ஸ். அதே பெயருள்ள ஆற்றுக்கு வடக்கே ஜோலாக்களில் பெரும்பாலோர் இன்று முஸ்லிம்கள், தெற்கே கத்தோலிக்கர்கள் நிறைய. இரண்டு பக்கமும் பழைய சன்னதிகளுக்குக் கள் ஊற்றுவதை விட்டுவிடாதவர்கள் இருக்கிறார்கள். தமிழ்த் தொடர்பைப் பற்றிக் கேட்காதீர்கள். செனகலின் முதல் அதிபர் செங்கோருக்கே அதில் பெரிய ஆர்வம் இருந்தது, தமிழறிஞர்கள் தலைநகர் தக்கார்வரை போய்வந்திருக்கிறார்கள். அவர்களாவது உழைத்துப் படித்தார்கள். இப்போது நடப்பது வேறு. ஜோலாக்களின் கடவுளின் பெயர் எமித்தாய் என்று நான் சொன்னால் போதும், "பார்த்தீர்களா, அதில் தாய் இருக்கிறாள்" என்று நாளைக்கே ஒருவர் காணொளி போட்டுவிடுவார். ஒரு மக்களை மதிக்க அவர்கள் நமக்குச் சித்தப்பா முறையாக இருந்தாக வேண்டுமா? சண்டை 1982இல் தொடங்கியது, தனிநாடு கேட்டு. நான் போன காலத்திலேயே வயல்களில் புதைத்த கண்ணிவெடிகளுக்குப் பயந்து சில ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பாமல் இருந்தார்கள். போவதானால் விசாரித்துக்கொண்டு போங்கள்.

இனி அந்தச் சிறுநூல். இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறதே, கவனித்தீர்களா? முட்டளவு சேற்றில் ஒருவர், கையில் நீண்ட மரக்கருவி. அடியில் "பழமையான மண்வெட்டி, நவீனக் கருவிகள் இவர்களின் அவசரத் தேவை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கருவியின் பெயர் கஜெண்டோ. ஆளை மிஞ்சிய நீளத்துக்குக் காம்பு, அதன் நுனியில் துடுப்பு போன்ற மரத்தட்டு, தட்டின் விளிம்பில் மட்டும் கொல்லர் அடித்துப் பொருத்திய இரும்பு. காம்பையும் தட்டையும் பனையோலை நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். தொடையைத் தாங்கலாக வைத்துக் காம்பை அழுத்தினால் ஒரு பாளம் ஈரக்களி அப்படியே புரண்டு வரப்பின்மேல் விழும். நான் கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது பாளத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, சுற்றியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த நிலத்தில் டிராக்டர் இறங்கினால் புதைந்துபோகும். உவர்க்கழி ஓரத்துச் சேறு அது. அலையாத்திக் காட்டை வெட்டி, கடல்நீர் ஏறாமல் கரை போட்டு, குடைந்த மரத்தண்டைக் கரைக்குள் குழாயாகப் புதைத்து, மழைநீரைத் தேக்கித் தேக்கி உப்பைக் கழுவி வெளியேற்றுவார்கள். ஒரு புது வயல் உப்பை விட்டு நெல்லுக்கு வாய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். இவ்வளவையும் செய்வது அந்தப் "பழமையான மண்வெட்டி". ஆண்கள் வரிசையாக நின்று பாத்தி புரட்ட, பெண்கள் எருவும் சாம்பலும் சுமந்து, நாற்று நட்டு, அறுவடைக்கு வந்தால் சிறுகத்தியால் கதிர் கதிராக அறுப்பார்கள். படத்துக்குக் கீழே எழுதியவரை ஒரே ஒரு ஆடி மாதம் அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

நான் அங்கே ஒன்றும் பெரிய காரியத்துக்குப் போகவில்லை. முந்திரிக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை கப்பலில் தூத்துக்குடிக்கு வரும். அதை வாங்கும் இடத்திலேயே தரம் பார்க்க ஆள் வேண்டும். மூட்டைக்குள் கூரான குழாயைக் குத்தி மாதிரி எடுத்து, ஒரு கிலோவை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பு எவ்வளவு தேறும், பூஞ்சணமும் சொத்தையும் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். 2011, 2012 இரண்டு பருவமும் அதுதான் என் வேலை, ஏப்ரலில் தொடங்கி மழை பிடிக்கும்வரை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

தக்காரிலிருந்து கசமான்ஸின் பெரிய ஊரான ஜிகன்ஷோருக்கு இரவுக் கப்பலில் போனேன். கப்பலின் பக்கவாட்டில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது: அலின் சிட்டோயே ஜாத்தா. அமைச்சரின் மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், நம் ஊர்ப் புத்தி. இதற்கு முன்பு அந்த வழியில் ஓடிய கப்பலின் பெயர் ஜோலா, இந்த மக்களின் பெயரேதான். 2002 செப்டம்பர் 26 இரவு அது அளவுக்கு மீறிய ஆட்களோடு காம்பியக் கடலோரத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 1,863 பேர். கசமான்ஸில் அந்தக் கப்பலில் ஆள் இழக்காத ஊரைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட வழித்தடத்தில் புதிதாக விட்ட கப்பலுக்கு அவர்கள் தேடிப் பிடித்து வைத்த பெயர் இந்தப் பெண்ணுடையது. மேல்தட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியர் அரைகுறை ஆங்கிலத்தில் விடியும்வரை அவள் கதையைச் சொன்னார்.

பக்கத்து நாடான கினி-பிசாவுவின் எல்லையை ஒட்டிய கப்ரூஸ் என்ற ஊரில் 1920 வாக்கில் பிறந்தவள். ஒரு கால் சற்று ஊனம். ஜிகன்ஷோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறாள், பிறகு தக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு வேலைக்காரி. 1941இல் சந்தைக் கூட்டத்தின் நடுவே ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லி எமித்தாயின் குரல் கேட்டது. அடுத்த ஆண்டு கப்ரூஸுக்கு வந்தாள். வறட்சி. இரண்டாம் உலகப்போர் நேரம், பிரெஞ்சு நிர்வாகம் வீடு வீடாக நெல்லையும் மாட்டையும் பறித்துக்கொண்டிருந்தது. கூடவே நெல்லைக் குறைத்து நிலக்கடலை போடு என்ற நெருக்கடி. அவள் ஒரு மழைச் சடங்கை ஏற்படுத்தினாள். கறுப்புக் காளையைப் பலிகொடுத்து, ஊர் முழுவதும் ஆறு நாள் பொதுவெளியில் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ண வேண்டும். சடங்கை நடத்துகிறவர் ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், பரம ஏழையாகவும் இருக்கலாம். பெரிய வீட்டுக்காரன்தான் பூசை செய்ய வேண்டும் என்பதை ஒரே அடியில் ஒழித்துவிட்டாள். நாம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

எமித்தாய் என்ற பெயரில் உள்ள 'எமித்' வானத்தைக் குறிக்கும் சொல், ஆண்டுக்கும் அதே சொல்தான். மழையை அவர்கள் கடவுளிடமிருந்து பிரித்துப் பேசுவதில்லை. மாரி என்றால் மழை, மாரி என்றால் அம்மன் என்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த வானத்திடம் அவள் கேட்டுவந்து சொன்னவற்றைப் பாருங்கள். கடலை போடாதே, ஆண்கள் கடலைக்குப் போனால் நெல்வயலின் பாரம் முழுவதும் பெண்கள் தலையில் விழும். சடங்குக்கு வெள்ளைக்காரன் தரும் நெல்லை வைக்காதே, பழைய நெல்லை வை. ஆறு நாள் கொண்ட நம் வாரத்தில் ஆறாம் நாள் வயலுக்குப் போகாதே, மண்ணுக்கு அது ஓய்வு.

பழைய நெல் என்று அவள் சொன்னது ஆப்பிரிக்க நெல். நம் நெல்லுக்குத் தூரத்து உறவு, ஆனால் வேறு இனம். நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கிவிட்டார்கள். ஆசிய நெல் பிற்பாடு போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. விளைச்சல் அதிகம் என்பதால் வயலில் இடம் பிடித்துக்கொண்டது. வயலில் இருக்கட்டும், சன்னதியில் வேண்டாம் என்றாள் அவள். உங்கள் பட்டியலில் நாலாவதாக "நல்ல விதை" இருக்கிறதே, அதற்கு இதுதான் என் பதில்.

1943 ஜனவரியில் பிரெஞ்சுப் படை அவளைப் பிடித்துக்கொண்டு போனது. கொண்டுபோய் வைத்த இடம் டிம்பக்டு. மழைக்காகப் பேசியவளைப் பாலைவன ஓரத்தில் கொண்டுவைத்தார்கள், ஆள்கிறவர்களுக்கு இதிலெல்லாம் ஒரு கற்பனை வந்துவிடும். 1944 மே மாதம் சத்துக்குறைவு நோயில் இறந்தாள், வயது இருபத்து நான்கு இருக்கலாம். ஊருக்குச் சொல்லவில்லை. 1980களில்தான் உண்மை வெளியே வந்தது, அதுவரை அவள் எங்கோ இருக்கிறாள், வருவாள் என்று காத்திருந்தவர்கள் உண்டு.

நிலக்கடலை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கம்பும் கேழ்வரகும் விளைந்த தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மல்லாட்டை ஏறியது. புதுச்சேரியில் மூட்டை கட்டிப் பிரான்சின் மார்சேய்த் துறைமுகத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே எண்ணெய் ஆட்டிச் சோப்பு காய்ச்சினார்கள். செனகல் கடலையும் அதே மார்சேய்க்குத்தான் போனது. அதற்கும் முன்னால் புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த துணி செனகல் போய்ப் பிசினுக்குக் கைமாறியது. உங்களுக்குத் தொடர்புதானே வேண்டும்? இந்தத் தொடர்பை வைத்துக்கொள்ளுங்கள். இதில் எந்தத் தாயும் இல்லை, இரண்டு பக்கமும் கணக்குப்பிள்ளைகள்தான்.

நான் போனதும் அந்த வேலைக்குத்தான். கடலைக்குப் பதில் முந்திரி. 1960களின் கடைசியிலிருந்து மழை குறைந்து, கடல் உப்பு வயலுக்குள் ஏறி, கரைகளைச் செப்பனிட இளைஞர்கள் ஊரில் தங்காமல் போன இடங்களில் எல்லாம் மேட்டு நிலத்தில் முந்திரி நின்றது. எல்லைக்கு அப்பால் கினி-பிசாவுவில் அதுதான் நாட்டுக்கே வருமானம். அங்கே பல ஊர்களில் காசுகூடக் கைமாறாது. கொட்டையைக் கொடு, அரிசியை வாங்கிக்கொள். ஜோலாக்கள் காலையில் "கசுமாய்" என்று வணக்கம் சொல்வார்கள், சமாதானமா என்று பொருள். "கசுமாய் கெப்" என்றால் சமாதானமே. என் காதில் முதல் வாரம் முழுவதும் அது "காசு" என்றே விழுந்தது. பிழைக்கப் போனவன் காது.

இப்போது குதிருக்கு வருகிறேன், எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜோலா வீட்டில் குதிருக்குள் எவ்வளவு நெல் இருக்கிறது என்று அடுத்தவர் கேட்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. கதிர்க்கட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கும். நெல் நிறைந்தவன் பெரிய மனிதன், ஆனால் அதை அவன் காட்டிக்கொண்டால் மரியாதை போய்விடும். அது சந்தைக்குப் போவதற்காக வைத்த நெல் அல்ல. சாவு வந்தால், சன்னதியில் காரியம் வந்தால், பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் பெரிய சடங்கு வந்தால் ஊருக்குப் போட வேண்டிய நெல். உசூய் என்ற ஊரில் சிவப்பு உடையும் கையில் ஒரு சிறு துடைப்பமுமாக ஒரு அரசர் இருக்கிறார். அவர் வயலில் ஊரே வேலை செய்யும், அந்த நெல் இல்லாதவர்களுக்குப் போகும். வாங்கியவர் யார் என்று பேச மாட்டார்கள்.

என் பாட்டியும் எங்களைக் குதிர் பக்கம் விட மாட்டாள். ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து "நெல் இருக்கிறதா ஆத்தா?" என்றால், அடிக்குதிர் தட்டும் நேரத்திலும் "நிறைந்திருக்கிறது" என்பாள். இல்லை என்ற சொல் அந்தக் கூடத்தில் விழக் கூடாது. வந்தவளுக்கும் விளங்கிவிடும், திரும்பிப் போய்விடுவாள். இருக்கும் நாளில் கேட்காமலே முறத்தில் வரும். ஒரு முறை ஊருக்குக் கணக்கெடுக்க வந்த ஒருவர், கையில் காகிதத்தோடு, "வீட்டில் தானியக் கையிருப்பு எவ்வளவு? குறை என்ன?" என்று கேட்டார். பாட்டி மோர் கொடுத்து, "குறை ஒன்றுமில்லை அய்யா" என்று அனுப்பிவைத்தாள். அன்று இரவு எங்களுக்கு நொய்க்கஞ்சி. அவர் காகிதத்தில் என்ன எழுதியிருப்பார்? ஒன்று, குறையில்லாத வீடு என்று எழுதியிருப்பார். இல்லையென்றால் அறியாத கிழவி என்று. இரண்டும் தப்பு.

உங்கள் சிறுநூலும் அந்தக் காகிதம்தான் தம்பி. ஒன்பது தேவை என்று எண்ணியிருக்கிறார்களே, யாரிடம் கேட்டு எண்ணினார்கள்? குதிரின் வாயைத் திறந்து காட்டுவதை மானக்கேடாக நினைக்கும் ஒரு வீட்டில், காகிதத்தோடு வந்தவனிடம் வாய் திறந்து தேவை சொல்லியிருப்பார்களா? குடிநீர் வேண்டாம் என்றா சொல்கிறேன்? கிணற்றில் உப்பு ஏறிய ஊரை நான் பார்த்திருக்கிறேன், பிரசவத்துக்குப் படகில் போகும் ஊரையும் பார்த்திருக்கிறேன். மருந்து வேண்டும், பள்ளி வேண்டும், யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் "சந்தை வசதி" என்று ஏழாவதாக எழுதியிருக்கிறாரே, அந்த ஆளைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நெல்லை விற்க மாட்டேன் என்று இருப்பவர்களைப் பார்த்து, விற்கத் தெரியாதவர்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அவர்கள் கொடுக்க மறுப்பது என்ன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், தேவை என்ன என்பது அதிலேயே தெரிந்திருக்கும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. பதினொரு பேர் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் எடுத்துவைப்பது சின்ன விஷயம் அல்ல, உங்கள் வயதில் நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். செனகலுக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் அரிசி விலையைக் கவனியுங்கள். அந்த நாட்டின் நகரங்கள் நொய்யரிசியில் ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்து பழக்கிய நொய். இப்போது அதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. 2022 செப்டம்பரில் நம் அரசு நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது தக்காரில் எத்தனை அடுப்புகள் கலங்கியிருக்கும் என்று நம் பத்திரிகைகளில் ஒரு வரி படித்த நினைவில்லை.

இரண்டாவது பருவத்தின் கடைசியில் எல்லைக்கு அப்பால் ஒரு ஜோலா ஊருக்குப் போயிருந்தேன். மழை இரண்டு தூறல் போட்டிருந்தது. ஒரு பெண், அறுபதைத் தாண்டியவள், நான்கு மூட்டைக் கொட்டை வைத்திருந்தாள். வெட்டிப் பார்த்து, கணக்குச் சொல்லி, லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கினோம். இந்திய அரிசி, சாக்கின்மேல் காக்கிநாடா என்று அச்சு. இரண்டு பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு குதிர் இருந்த பக்கம் நடந்தார்கள். அவள் ஓர் அதட்டல் போட்டாள். பையன்கள் திரும்பி, அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் மூட்டையைச் சாய்த்துவைத்தார்கள். வாங்கிய அரிசி குதிருக்குள் போகாது என்று எங்கள் ஓட்டுநர் விளக்கினார்.

பிறகு அவள் சாக்கின் வாயைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஏதோ கேட்டாள். ஓட்டுநர் சற்றுத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்.

"இதை விளைவித்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்கிறார்கள். இவ்வளவையும் ஏன் விற்றுவிட்டார்கள், அவர்கள் வீட்டில் சாவே வராதா?"

நான் முந்திரி பார்க்க வந்தவன், எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொன்னேன்.

அன்புடன்.